இறைக்காமல் எடுத்த தண்ணீர்

எனக்குக் கோபம் சட்டென்று வரும், லேசில் போகாது. கல்யாணமாகி வந்த புதிதிலேயே எங்கள் தெருவுக்கு இது தெரிந்துவிட்டது. எழுபதுகளில் ஒரு சர்க்கார் ஜீப் எங்கள் தெருவுக்குள் வந்து ஒரு பாட்டில் தண்ணீர் எடுத்துக்கொண்டு போனது. அன்று வந்த கோபம் இன்னும் என்னிடம் பத்திரமாக இருக்கிறது. மற்றக் கோபங்கள் எல்லாம் வயசோடு சேர்ந்து தணிந்துவிட்டன. இது தணியவில்லை, தணிய விடவும் எனக்கு இஷ்டமில்லை.

தூத்துக்குடிக்குத் தெற்கே, ஒரு பக்கம் கடலும் மறுபக்கம் உப்பளமுமாக இருந்த மணல்மேட்டில் எங்கள் தெரு. மழை பெய்து அந்த மணலுக்குள் இறங்கும் தண்ணீர்தான் எங்கள் குடிநீர். நல்ல தண்ணீர் லேசானது, உப்புத் தண்ணீர் கனமானது. அதனால் மணலுக்கடியில் நல்லது மேலேயும் உப்பு கீழேயுமாக, பால்மேல் ஆடை படிந்த மாதிரி இரண்டும் கிடக்கும். புதுத் துறைமுக வேலை நடந்த காலத்தில் தண்ணீர் லாரி வைத்திருந்தவர்கள் சுற்றிலும் கிணறு வெட்டி, எஞ்சின் போட்டு, அந்த ஆடையை வழித்து வழித்து விற்றார்கள். எங்கள் தெருவில் ஒரே ஒரு உறைகிணறு. அதில் ஆடை வருஷத்துக்கு வருஷம் மெலிந்துகொண்டே வந்தது.

இப்படிப்பட்ட கிணற்றில் தண்ணீர் எடுக்க ஒரு பக்குவம் உண்டு. வாளியை எறிந்து முக்கினால் கீழ்த்தண்ணீர் கலங்கி மேலே ஏறிவிடும். அதனால் பனையோலைப் பட்டையைத்தான் இறக்குவார்கள். லேசான ஓலை மிதக்கும். கயிற்றை ஒரு பக்கமாகச் சாய்த்துப் பிடித்தால் மேல்தண்ணீர் மட்டும் உள்ளே வழியும். விடிகாலையில் முதலில் போகிறவளுக்கு நல்ல தண்ணீர் கிடைக்கும். தெருவே வந்து எடுத்து முடித்து, உச்சிவேளை ஆகும்போது வருகிறவளுக்கு வாயில் வைத்தால் கரிக்கும். காலையில் நல்ல தண்ணீர் ஆளுக்கு ஒரு குடம்கூடத் தேறாது. சமையல், குடிப்பு எல்லாம் பெரும்பாலும் மத்தியானத் தண்ணீரில்தான் நடக்கும். எங்கள் தெருப்பெண்களுக்கு இதெல்லாம் கைப்பழக்கம், யாரும் இதை ஒரு விஷயமாகப் பேசினது கிடையாது.

அந்தக் கைப்பழக்கத்தில் தெருவிலேயே கெட்டிக்காரி எங்கள் வீட்டு அக்கா. என் கணவரின் அண்ணன் மனைவி. தாமிரபரணிக் கரையில் வயல்காட்டு ஊரில் பிறந்தவள். வாய்க்காலில் குனிந்து குடம் குடமாக அள்ளிப் பழகினவள், இங்கே வந்து இந்தப் பட்டையைப் பிடிக்கக் கற்றுக்கொண்டு, இங்கே பிறந்தவர்களையே மிஞ்சிவிட்டாள். அவள் எடுத்த தண்ணீர் மத்தியானத்தில்கூட மற்றவர்களுடையதைவிடக் கொஞ்சம் பரவாயில்லை என்று சொல்வார்கள்.

அக்காவுக்குத் தலைப்பிள்ளை தாய்வீட்டில் பிறந்து, பிறக்கும்போதே இறந்துபோயிருந்தது. அந்தத் தடவை தாய்வீட்டுக்குப் போகும் முன்பே உடம்பெல்லாம் நீர் கோத்திருந்ததாம். பல வருஷம் கழித்து மறுபடி உண்டாகியிருந்தாள். ஐந்தாம் மாசத்திலேயே கால் வீங்கத் தொடங்கியது. கணுக்காலில் விரல் வைத்து அழுத்தினால் பள்ளம் அப்படியே நிற்கும். டவுன் ஆஸ்பத்திரி டாக்டரம்மா ரத்த அழுத்தம் பார்த்துவிட்டு முகத்தைச் சுளித்தார்.

"உப்பைக் கண்ணுலயே காட்டாதீங்க. கருவாடு, ஊறுகாய், அப்பளம் எதுவும் கூடாது. போன பிள்ளை மாதிரி இதுவும் போயிடக் கூடாதில்ல" என்றார்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் அக்காவுக்குத் தனிச் சமையல். உப்பில்லாத சோறு, உப்பில்லாத கறி. உப்பு விளைகிற ஊரில் ஒருத்தி உப்பில்லாமல் சாப்பிடுகிறாள் என்று தெருவில் கேலிகூடப் பேசினார்கள். அந்தச் சோறு வெந்த தண்ணீரில் எவ்வளவு உப்பு இருந்தது என்று ஒருத்தருக்கும் தோன்றவில்லை. எனக்குத் தோன்றியது, ஏனென்றால் அதுதான் என் தொழில். டவுனில் ஒரு உப்பு வியாபாரியின் பரிசோதனைக் கூடத்தில் நான் வேலை பார்த்தேன். உப்பைக் கரைத்து, மஞ்சள் கரைசலில் வெள்ளி நைட்ரேட்டைச் சொட்டுச் சொட்டாக விட்டு, அது செங்கல் நிறத்துக்கு மாறும்வரை எண்ணிக்கொண்டிருப்பேன். எவ்வளவு சொட்டுப் பிடிக்கிறதோ அவ்வளவு உப்பு என்று கணக்கு. ஒருநாள் எங்கள் வீட்டு மத்தியானக் குடத்திலிருந்து ஒரு பாட்டிலில் கொண்டுபோய் அதே மாதிரி சோதித்தேன். நிறம் மாறவே மாட்டேன் என்றது, விட்டுக்கொண்டே இருந்தேன். கடைசியில் மாறியபோது, எண்ணினது தப்போ என்று மறுபடி முதலிலிருந்து சோதித்தேன், அதே கணக்குத்தான் வந்தது.

அத்தானிடம் சொன்னேன். அத்தான் என்றால் அக்காவின் கணவர். தெருமுனையில் மளிகைக்கடை வைத்திருந்தார். தெருவுக்கு அவர்தான் அண்ணாச்சி, அவர் சொல்வதுதான் சட்டம். நல்ல மனிதர்தான், கைநீட்டிக் கேட்டவனை வெறுங்கையோடு அனுப்பமாட்டார். ஆனால் பெரிய மனிதர்களைக் கண்டால் அவருக்குத் தலைகால் புரியாது.

"அக்காவ அம்மை வீட்டுக்கு அனுப்பிருங்க அத்தான். அங்கன ஆத்துத் தண்ணி. இங்கன அவ குடிக்கது உப்பு" என்றேன்.

"ரெண்டாவது பிள்ளைக்கு எவ அம்மை வீட்டுக்குப் போறா? ஊருல என்ன சொல்லுவாவ, ஒருத்திக்குத் தண்ணி குடுக்க வக்கில்லன்னு சொல்ல மாட்டாவளா?" என்றார். பிறகு, என் முகத்தைப் பார்த்துவிட்டோ என்னவோ, இறங்கிவந்தார். "குழாய் கேட்டு மனு குடுத்திருக்கேம்லா. சர்க்காருல தண்ணி எடுத்துப் பாக்க வாராவ. கெட்ட தண்ணின்னு அவங்க சொல்லட்டும், நானே கொண்டு விடுதேன்."

அதுதான் ஒப்பந்தம். மனுவை எழுதிக் கொடுத்ததே நான்தான். தண்ணீர் உப்பாகிவிட்டது, குழாய் வேண்டும் என்று தெருவே கையெழுத்துப் போட்டிருந்தது. அவர்கள் வந்து எடுத்துப் பார்த்தால் என் பாட்டிலில் இருந்தது அவர்கள் பாட்டிலிலும் இருக்கும், அக்கா ஊருக்குப் போய்விடுவாள் என்று நான் நிம்மதியாக இருந்தேன்.

ஜீப் வந்த அன்று நான் வேலைக்குப் போயிருந்தேன். சாயங்காலம் பஸ்ஸை விட்டு இறங்கி வரும்போதே தெரு கல்யாண வீடு மாதிரி இருந்தது. கிணற்றைச் சுற்றிப் பெருக்கி, தண்ணீர் தெளித்து, கோலம் போட்டிருந்தார்கள். உறைக்குச் சுண்ணாம்புகூட அடித்திருந்தார்கள். அத்தான் கடைவாசலில் நின்று வருகிறவர் போகிறவரிடம் எல்லாம் அதிகாரி என்ன சொன்னார், எதைச் சாப்பிட்டார் என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

"எப்பம் அத்தான் தண்ணி எடுத்தாவ?" என்று கேட்டேன்.

"காலம்பறயே வந்துட்டாவ."

"அதுக்கு முன்னால எவ்வளவு பேரு இறைச்சிருந்தா?"

அத்தானுக்கு என் கேள்வி பிடித்திருந்தது. முகம் மலர்ந்தது. "ஒரு குஞ்சு தொடல. நேத்துச் சாயங்காலமே சொல்லிட்டேன், சார் வந்து எடுக்க வரைக்கும் ஒருத்தரும் கயிறு போடக் கூடாதுன்னு. ராத்திரி மூடிவச்சு, தண்ணி அப்படியே கண்ணாடி மாதிரி கெடந்துச்சு. எவ எடுத்தா தெரியுமா? ஒங்க அக்காதான். பட்டைய வச்சு அலுங்காம மோந்தா பாரு. சாரு வாயில விட்டுப் பாத்துட்டு, இளநி மாதிரி இருக்கேன்னாரு."

அவர்கள் செய்ததில் கெட்ட எண்ணம் துளியும் இல்லை. வீட்டுக்கு வருகிறவர்களுக்கு முதல் தண்ணீரை, தெளிந்த தண்ணீரைக் கொடுப்பதுதான் எங்கள் பக்கத்து மரியாதை. கலங்கின தண்ணீரை ஒரு பெரிய மனிதர் கையில் கொடுப்பதற்கு எங்கள் தெருவில் யாருக்கும் மனசு வராது. தண்ணீர் கெட்டுவிட்டது என்று மனு கொடுத்துவிட்டு, அந்தத் தண்ணீரைப் பார்க்க வந்தவனுக்கு, இருப்பதிலேயே நல்ல தண்ணீரைத் தேடி வழித்து எடுத்துக் கொடுத்திருக்கிறார்கள். பெண் பார்க்க வருகிறவனுக்குப் பெண்ணைக் காட்டுகிற மாதிரி கிணற்றுக்குச் சுண்ணாம்பு பூசிக் காட்டியிருக்கிறார்கள்.

சங்கு குளித்துவிட்டுக் கரைக்கு வந்திருந்த ஒருவரையும் கூப்பிட்டு, தண்ணீர் எப்படி என்று அதிகாரி கேட்டாராம். நல்ல தண்ணிதான் சார் என்று அவரும் சொல்லியிருக்கிறார். கடலுக்கடியில் மூச்சைப் பிடித்துக்கொண்டு கிடந்து, வாயெல்லாம் உப்பாகக் கரையேறினவனுக்கு எந்தத் தண்ணீர்தான் கரிக்கும்?

வீட்டுக்குள் போனேன். அக்கா காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். பாதம் இரண்டும் பன்னு மாதிரி உப்பியிருந்தது. முகத்தில் சந்தோஷம்.

"ஏளா, சாரு என் கையால எடுத்த தண்ணியத்தான் பாட்டில்ல புடிச்சாரு" என்றாள்.

அவளிடம் என்னால் கோபப்பட முடியவில்லை. அதனால் அன்று பாத்திரங்களிடம் கோபப்பட்டேன்.

அறிக்கை வந்தது. குடிப்பதற்கு உகந்தது என்று இருந்தது. நல்ல நீர் கிடைக்கும் இடமாதலால் குழாய் இணைப்புக்கு இப்போது அவசியம் இல்லை என்றும் இருந்தது. அத்தானுக்கு அதைப் படித்ததும் ஏமாற்றமும் பெருமையும் கலந்து வந்தது. குழாய் கிடைக்காத வருத்தத்தைவிட, சர்க்காரே நம் கிணற்றை நல்ல கிணறு என்று எழுதிவிட்டது என்ற பெருமைதான் தூக்கலாக இருந்தது என்று எனக்குப் பட்டது.

"சர்க்காரே சொல்லிட்டான். இனிமே எதுக்கு அம்மை வீடு?" என்றார்.

நான் அரை நாள் லீவு போட்டுவிட்டு அந்த அதிகாரியின் அலுவலகத்துக்குப் போனேன். மத்தியானக் குடத்துத் தண்ணீரை ஒரு பாட்டிலில் கொண்டுபோயிருந்தேன். அவர் வெளியூர்க்காரர், வயது நாற்பதுக்கு மேல், மரியாதையாகத்தான் பேசினார். உட்காரச் சொன்னார். நான் நடந்ததைச் சொன்னேன். ராத்திரி முழுக்க அசையாமல் கிடந்த கிணற்றின் மேல்மட்டத்தை மட்டும் நீங்கள் சோதித்திருக்கிறீர்கள், அது நிலத்திலிருந்து புதிதாக ஊறி வருகிற தண்ணீரும் இல்லை, நாங்கள் குடிக்கிற தண்ணீரும் இல்லை என்று சொன்னேன். அவருக்கு அது தெரியாமல் இருக்கும், சொன்னால் திடுக்கிடுவார் என்று எதிர்பார்த்தேன்.

"தெரியும்மா" என்றார். "கிணத்துல கெடக்கற பழைய தண்ணிய இறைச்சு வெளியேத்திட்டு, புதுசா ஊறி வர்றதத்தான் எடுக்கணும். அதான் விதி. ஆனா ஒவ்வொரு ஊர்லயும் இறைச்சுக்கிட்டு நின்னா ஒரு நாளைக்கு ஒரு கிணறுதான் பாக்க முடியும். அதுவும் போக, உங்க ஜனங்க எனக்காகத் தொடாம வச்சிருக்கோம்னு சொல்றாங்க. அதுல போயி, இல்ல கலக்குங்கன்னு சொல்றது மரியாதையா?"

தெரியாமல் செய்திருந்தால் நான் மன்னித்திருப்பேன். தெரிந்துகொண்டே, ஒரு காபிக்கும் ஒரு கலர் சோடாவுக்கும் தலையாட்டிக்கொண்டு, வாயில் ஊற்றிப் பார்த்து இளநீர் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். மரியாதையாம். எங்கள் தெரு ஜனங்களின் மரியாதையை அவர் தன் சோம்பேறித்தனத்துக்குப் போர்வையாகப் போர்த்திக்கொண்டார். என் பாட்டிலை அவர் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. வெளியாள் கொண்டுவருகிற தண்ணீர் செல்லாதாம்.

நான் அங்கேயே சத்தம் போட்டேன். பக்கத்து மேஜைக்காரர்கள் எல்லாம் எழுந்து நின்றார்கள். ஒரு கர்ப்பிணிப் பெண், டாக்டர் உப்பைத் தொடாதே என்று சொல்லியிருக்கிறார், உங்கள் காகிதத்தைக் காட்டித்தான் அவளுக்கு அந்தத் தண்ணீரைக் கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள், அந்தப் பிள்ளைக்கு ஏதாவது ஆனால் உங்கள் கையெழுத்துத்தான் காரணம் என்றேன். அதற்குப் பிறகுதான் இன்னொரு தடவை வருவதாக ஒப்புக்கொண்டார். மத்தியானம் வரச் சொன்னேன். அதற்கும் ஒப்புக்கொண்டார்.

வீட்டுக்கு வந்து அத்தானிடம் நிறுத்தி நிதானமாகச் சொன்னேன். "அன்னைக்கு எப்பமும் போல எல்லாரும் தண்ணி எடுக்கட்டும். கூடவும் வேண்டாம், கொறையவும் வேண்டாம். கோலம், சுண்ணாம்பு ஒண்ணும் வேண்டாம். நாம எதக் குடிக்கமோ அத அவரு எடுக்கட்டும்."

"அது நான் பாத்துக்கிடுதேன்" என்றார்.

அவர் பார்த்துக்கொண்ட லட்சணத்தை இப்போது நினைத்தாலும் எனக்குப் பல்லைக் கடிக்கத் தோன்றுகிறது. அதிகாரி வருகிற அன்று மத்தியானம் வேலையிடத்தில் அனுமதி வாங்கிக்கொண்டு ஓடிவந்தேன். தெருவுக்குள் நுழையும் முன்பே எஞ்சின் சத்தம் கேட்டது. கிணற்றருகே ஒரு எண்ணெய் எஞ்சின் புகைவிட்டுக்கொண்டு நின்றது. கருப்பு ரப்பர் குழாய் ஒன்று கிணற்றுக்குள் இறங்கியிருந்தது. தண்ணீர் கடற்கரைப் பக்கம் சேறும் சகதியுமாக ஓடியது. பொழுது விடிந்ததிலிருந்து இறைக்கிறார்களாம். சும்மா கிடந்த தண்ணீர் நல்ல தண்ணீர் என்றால், இறைத்த தண்ணீர் கெட்ட தண்ணீராகத்தானே இருக்கும், நன்றாகவே இறைத்துக் காட்டிவிடுவோம் என்று அத்தான் முடிவு செய்திருக்கிறார். எஞ்சினுக்கு எங்கே போவது? பக்கத்து உப்பளத்தில் கேட்டு வாங்கிவந்திருக்கிறார். பாத்திக்கு உப்புநீர் இறைக்கிற எஞ்சின், அதே குழாய். குழாய் வாயில் உப்பு வெள்ளையாகப் பூத்துக் கிடந்தது. அதைக் கழுவக்கூடத் தோன்றவில்லை.

நானும் ஜீப்பும் ஒரே சமயத்தில்தான் போய்ச் சேர்ந்தோம். அதிகாரி இறங்கி வந்தார். குழாயைப் பார்த்தார். வாயைத் தொட்டு, விரலை நாக்கில் வைத்து, துப்பினார். கிணற்றை எட்டிப் பார்த்தார். அடியில் கலங்கல்தான் கிடந்தது.

"உப்பளத்து எஞ்சினா?" என்று அத்தானைக் கேட்டார்.

"ஆமா சார். ரொம்ப நல்ல எஞ்சின்" என்றார் அத்தான்.

அதிகாரி என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். அந்தச் சிரிப்பை நான் மறக்கவே இல்லை. போன தடவை அவர் செய்த தப்பு, இந்தச் சிரிப்போடு கழுவப்பட்டுவிட்டது. பாட்டில் இருந்த பையை அவர் திறக்கவே இல்லை.

"கடல்தண்ணியக் காட்டி ஏமாத்தப் பாக்கறீங்களா? ஊரே சேர்ந்து நாடகம் போடறீங்க" என்றார்.

குழாயை எடுத்துவிடச் சொல்கிறேன், வாளியில் எடுத்துக்கொள்ளுங்கள் என்று கேட்டுப் பார்த்தேன். எனக்கே தெரியும், அது பிரயோஜனமில்லாத பேச்சு. அப்படி அடியோடு உறிஞ்சின கிணற்றில் கீழே இருந்த உப்பு எல்லாம் மேலே ஏறியிருக்கும். மழை பெய்தால்தான் மறுபடி சரியாகும். அன்று அதில் எதை எடுத்தாலும் அது நாங்கள் குடிக்கிற தண்ணீர் ஆகாது. முதல் தடவை எடுத்தது எங்கள் தண்ணீரைவிட நல்லது, இந்தத் தடவை இருந்தது எங்கள் தண்ணீரைவிட மோசம். எங்கள் தண்ணீரை, தெருவே தினமும் குடிக்கிற அந்தத் தண்ணீரை, எந்தப் பாட்டிலிலும் எவனும் பிடிக்கவே இல்லை.

ஜீப் போய்விட்டது. பழைய அறிக்கை பழையபடி நின்றது.

அன்று சாயங்காலம் நான் அத்தானை ஏசின ஏச்சு தெருக்கோடிவரை கேட்டிருக்கும். கணவரின் அண்ணனை அப்படிப் பேசுகிறவள் எங்கள் தெருவில் அதற்கு முன் இருந்ததில்லை. அவரும் விடவில்லை.

"மொதத் தடவ இறைக்கலன்னு ஏசுன. இப்பம் இறைச்சோம்னு ஏசுத. ஒனக்கு என்னதான் வேணும்?"

"எப்பமும் போல இருங்கன்னு சொன்னேன் அத்தான். அது ஒண்ணுதான் சொன்னேன். ஒங்களால எப்பமும் போல இருக்க முடியாதா? ஒரு ஜீப்பப் பாத்தா ஒண்ணு மாலை போடுதிய, இல்ல நாடகம் போடுதிய."

"சரி, இப்பம் என்ன ஆயிட்டு? நல்ல தண்ணின்னுதான எழுதியிருக்கான். கெடுதல்னு ஒருத்தனும் எழுதலல்லா?"

அக்கா அதுவரை உள்ளே படுத்திருந்தாள். இரண்டு நாளாகத் தலைவலி என்று எழுந்திருக்கவில்லை. கண் பூத்துப்போகிற மாதிரி இருக்கிறது என்றாள். சுவரைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தாள். மோதிரத்தைக் கழற்ற முடியாமல் விரல் சிவந்திருந்தது.

"எழுதுனவன் வயித்துலயா பிள்ள கெடக்கு?" என்றாள் அத்தானிடம். "நான் நாளைக்கு எங்க ஊருக்குப் போறேன். நீங்க வரலன்னா நானே போவேன்."

கல்யாணமாகி அத்தனை வருஷத்தில் அவள் அவரை எதிர்த்துப் பேசி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. அத்தான் சட்டையை மாட்டிக்கொண்டு கடைக்குப் போய்விட்டார். மறுநாள் காலை என் கணவர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தார். அவர் துறைமுகத்தில் வேலை, அண்ணன் முகத்தைப் பார்த்துப் பேசிப் பழக்கமில்லாதவர். ஒரு வார்த்தை பேசவில்லை, ஆனால் பெட்டியைத் தூக்கினார். அதற்காக அவர்மேல் எனக்கு அதுவரை இருந்த எத்தனையோ கோபங்களைத் தள்ளுபடி செய்தேன். கடையைத் தாண்டித்தான் பஸ்ஸுக்குப் போக வேண்டும். அத்தான் முதுகைக் காட்டிக்கொண்டு மிளகாய் வற்றலைக் கிளறிக்கொண்டிருந்தார்.

அக்காவை அவள் அம்மாவிடம் விட்டுவிட்டு, அங்கிருந்த டாக்டரிடமும் காட்டிவிட்டு வந்தேன். சில வாரம் கழித்துப் போய்ப் பார்த்தபோது விரலில் மோதிரம் சுற்றிக்கொண்டு தளர்ந்து கிடந்தது. காலில் கணுக்கால் எலும்பு தெரிந்தது. தண்ணீர் மட்டும்தான் காரணம் என்று சத்தியம் செய்ய நான் டாக்டர் இல்லை. ஓய்வும் மருந்தும்கூட இருந்தன. ஆனால் உப்பைக் கண்ணில் காட்டாதே என்று சொல்லப்பட்டவள் கடைசியில் உப்பில்லாத இடத்துக்குப் போய்ச் சேர்ந்தாள் என்பது மட்டும் எனக்குத் தெரியும். மாசம் நிறைந்து பெண்குழந்தை பிறந்தது. நல்ல எடை, வீடே அதிரும்படி அழுதது.

சந்தோஷப்பட வேண்டிய நேரம் அது. என்னைச் சந்தோஷப்பட விட்டார்களா? அத்தான் தெரு முழுக்கச் சர்க்கரை கொடுத்தார். கொடுக்கும்போது ஒவ்வொருவரிடமும் ஒரே வசனம்: "நம்ம தண்ணி குடிச்சு வளந்த கர்ப்பம்லா. தண்ணி கெட்டதுன்னு சொன்னாவளே, பிள்ளை எப்படிப் பொறந்திருக்கு பாத்தியளா?" அந்தப் பிள்ளை பிழைத்ததே அந்தத் தண்ணீரை விட்டுப் போனதால்தான். அதையே அந்தத் தண்ணீருக்கு நற்சாட்சியாக்கிவிட்டார். இது அதிகாரி காதுவரை போயிருக்கிறது. தெருப்பெண்கள் சிலரைச் சேர்த்துக்கொண்டு மறுபடி மனு கொடுக்கப் போனேன். "உங்க வீட்லயே பிள்ளை நல்லாப் பொறந்திருக்காமே" என்று கேட்டார் அவர். மனுவை அவர் மேஜையில் வைத்துவிட்டு, ஏசாமல் வெளியே வந்தேன். என்னைத் தெரிந்தவர்களுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று தெரியும்.

பிள்ளைக்கு மூன்று மாசம் ஆனதும் தாயையும் பிள்ளையையும் கூட்டிவர அத்தான் கிளம்பினார். தனியாகப் போகத் தயக்கமாக இருந்தது, என்னைக் கூப்பிட்டார். நானும் போனேன். சித்திரை வெயில். பஸ்ஸை விட்டு இறங்கி வரப்போரமாக நடந்து வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது அவர் சட்டை நனைந்து முதுகில் ஒட்டியிருந்தது. அக்கா சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். அண்ணாந்து குடித்தார். சொம்பை நீட்டினார், மறுபடி கொண்டுவந்தாள். மறுபடி நீட்டினார். பிள்ளையை மடியில் வாங்கிக்கொண்டு கொஞ்சினார். கொஞ்சலுக்கு நடுவிலும் சொம்பு கேட்டார்.

சாப்பிட்டு முடித்து, வெற்றிலை போட்டுக்கொண்டு, அவர் பேச்சை எடுத்தார்.

"நாளும் நல்லாருக்கு. பொழுது சாயறதுக்குள்ள கெளம்பிருவோம். பிள்ளைக்கு ஒண்ணும் பயமில்ல. நம்ம தண்ணி நல்ல தண்ணி, சர்க்காரே எழுதிக் குடுத்திருக்கான்."

நான் வாயைத் திறக்கப்போனேன். அக்கா என் கையை அழுத்தினாள். பிள்ளையை அவர் மடியிலிருந்து எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டாள்.

"நல்ல தண்ணின்னா, வந்ததுலேருந்து எதுக்கு இப்படிச் சொம்பு சொம்பாக் குடிக்கிய?" என்றாள்.

அத்தான் கையிலிருந்த சொம்பைப் பார்த்தார். அதில் இன்னும் பாதித் தண்ணீர் இருந்தது. அதைக் கீழே வைக்கப்போனார், வைக்கவில்லை. பிறகு குடித்து முடித்துவிட்டுத்தான் எழுந்தார்.

"குழாய் வரட்டும், வாரேன்" என்றாள் அக்கா.

அன்று நாங்கள் இரண்டு பேரும்தான் திரும்பி வந்தோம். மறுநாள் காலை அத்தான் கடையைத் திறக்கவில்லை. அந்த அதிகாரியின் அலுவலகத்து வாசலில் போய் உட்கார்ந்திருந்தார்.